எத்தனை தெரியுது?

தாடையில் விழுந்த குத்தில் காதுக்குள் வண்டு பறந்தது. நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். வாயிலிருந்து வழிந்த ரத்தம் தொடையில் சொட்டியது. எதிர் மூலையில் இருந்த தடியனைக் கொன்றே போட வேண்டும் போல் ஆத்திரம். இன்னும் ஒரு ரவுண்டு. ஜெயித்தால் தேசிய அணி. அதற்காகத்தான் இத்தனை வருஷம் நாயாக உழைத்தேன்.

"மேல பாருடா. எத்தனை தெரியுது?" என்றார் மாமா. அக்காவின் கணவர், என் பயிற்சியாளர்.

திறந்தவெளிக் குத்துச்சண்டை ரிங். டாக்டர் வைத்துக்கொள்ள எங்களுக்கு ஏது வசதி? மாமாவின் டாக்டர் வானத்தில் இருந்தது. கரண்டி மாதிரிக் கிடக்கும் நட்சத்திரக் கூட்டத்தின் காம்பில் ஒரு ஜோடி ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல கண்ணுக்கு இரண்டு தெரியும். தலையில் அடி வாங்கி வாங்கி உள்ளே கலங்கிப்போனவனுக்கு நாலு தெரியும். நாலு என்றால் மாமா துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்திவிடுவார். இந்த ரகசியம் எங்கள் பயிற்சிக் கூடத்து ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணாந்து பார்த்தேன். பிசகில்லாமல் இரண்டு.

"ரெண்டு மாமா."

"அப்ப போய் அவன் மூஞ்சியப் பேத்துட்டு வா."

தோளில் ஓங்கித் தட்டினார். அப்பா இல்லாத குறையே தெரியாமல் என்னை வளர்த்த கை.

அக்கா கயிற்றுக்கு வெளியே நின்று வாளியில் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள். என் ஆட்டம் என்றால் வந்துவிடுவாள். மற்றபடி கையுறையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. நான் பார்த்த திசையில் அவளும் பார்த்தாள்.

"ரெண்டா? நாலு இருக்கேடா!" என்று சிரித்தாள்.

மாமா சிரிக்கவில்லை. சட்டென்று குனிந்து, இறுக்கமாகவே இருந்த என் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

நான் கூடத்திலேயே தங்க ஆரம்பித்த பிறகு, அக்கா வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டே பேர்.

இத்தனை நாள் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

மணி அடித்தது. தடியன் நடு ரிங்குக்கு வந்து கையுறைகளை மோதிக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். தேசிய அணி தொலையட்டும்.

மாமா எழுந்து நிற்கும்வரை பொறுத்தேன். பிறகு, அவர் கற்றுக்கொடுத்தபடியே இடுப்பைத் திருப்பி, அவர் தாடையில் இறக்கினேன்.