சக்கரம் மாத்துன வண்டி

நசுங்கிப்போன நம்பர் பிளேட் ஒன்றைத் துணிப்பையிலிருந்து உருவி, முத்துச்செல்வத்தின் மேசைமேல் ஓங்கிப் போட்டாள் பாலம்மாள். டீ டம்ளர் துள்ளிக் கவிழ்ந்தது.

"பாத்துக்கிடுங்க. உங்க கம்பெனி லட்சணத்தக் கண்ணாரப் பாத்துக்கிடுங்க."

தென்காசியில் இன்சூரன்ஸ் கம்பெனி மேலாளராக வந்து உட்கார்ந்த நாளிலிருந்து முத்துச்செல்வம் வாங்காத ஏச்சு இல்லை. அதுவும் குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அருவிக்குப் போகிற வண்டிகள் எங்கே முட்டினாலும் கடைசியில் இவர் மேசையில் வந்துதான் நிற்கும்.

ஆசைப்பட்டபடியெல்லாம் வண்டியின் பாகங்களை மாற்றுவார்கள். கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். இடித்துவிட்டு வந்து பணம் கேட்பார்கள், இல்லையென்றால் பெற்றவர்களையெல்லாம் இழுத்து ஏசுவார்கள்.

"மெதுவாப் பேசுங்கம்மா. எந்த வண்டி? யார் பேர்ல?"

"என் மவன் சந்தோஷ்குமார் பேர்ல. கீழப்பாவூரு. ஐந்தருவி வளைவுல மரத்துல கொண்டு சாத்திட்டான். தொடையில கம்பி வச்சு ஆஸ்பத்திரில கெடக்கான். கண்ணு முழிச்சதும், வண்டி எப்பம்மா சரியாகி வரும்னு கேக்கான். நான் என்னய்யா பதில் சொல்லட்டும்?"

பெஞ்சில் காத்திருந்த வேன்காரர் மசூதுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "விடாதிய அக்கா. என் வேன் மேல கேரியர் மாட்டுனத முன்கூட்டியே சொல்லலன்னு எனக்கும் இப்படித்தான் கைய விரிச்சாவ. நறுக்குன்னு நாலு கேளுங்க."

"நீ சும்மா கெட தம்பி. நான் ஒண்ணும் சொல்லாம விட்டவ இல்ல." பாலம்மாள் மேலாளர் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னேனா இல்லியா? பங்குனி உத்திரம் கழிஞ்ச கையோட, இதே எடத்துல நின்னு, அவன் வண்டியில என்னென்ன மாத்தியிருக்கான்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சேனா இல்லியா?"

அப்போதுதான் முத்துச்செல்வத்துக்கு ஆள் பிடிபட்டது. இந்த அம்மாவை அவர் மறப்பாரா?

அகலச் சக்கரம், எதிரே வருகிறவன் கண்ணைக் குத்துகிற விளக்கு, தரையைத் தொடுகிற பம்பர், டிக்கி நிறைய ஸ்பீக்கர் என்று விரல் மடக்கி மடக்கிச் சொன்னவள். "மவனுக்குத் தெரியாம வந்திருக்கேன் சார். கம்பெனிக்குத் தெரியணும்லா?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனவள்.

ஊரே மூடி மறைக்கிற சங்கதியைத் தானாக வந்து சொன்ன அந்தத் தாயை, வருகிறவர்களுக்கெல்லாம் அவர் உதாரணம் காட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கே பையனுக்குப் போன் போட்டு, வண்டியை வரவழைத்துப் பார்த்து, கூடுதல் பிரீமியத்தோடு எல்லாவற்றையும் பாலிசியில் ஏற்றியதும் அவர்தான். பையன் பாகற்காயைத் தின்ற முகத்தோடு கட்டிவிட்டுப் போனான்.

"சொன்னீங்கம்மா. நான் இல்லேங்கலியே. அதுக்கு இப்போ என்ன?"

"என்னவா? 'நீங்க தைரியமாப் போங்க, நாங்க பாத்துக்கிடுதோம்'னு சொன்னது யாரு? அந்தச் சொல்ல நம்பித்தான நான் வீட்டுல நிம்மதியா ஒறங்குனேன். என்னத்தப் பாத்திய? எதப் பாத்திய?" ஒவ்வொரு கேள்விக்கும் நம்பர் பிளேட்டில் ஓர் அடி விழுந்தது.

கவுண்டரிலிருந்து சத்யபிரியா எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடிச்சிட்டுப் பேசுங்கம்மா."

"தண்ணி குடிக்கவா பஸ் ஏறி வந்திருக்கேன்? தள்ளு அங்கிட்டு."

முத்துச்செல்வத்துக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. நல்லது செய்தவனுக்கு இதுதானா கூலி? நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"போதும் நிறுத்துங்கம்மா. விவரம் தெரியாம வாய்க்கு வந்தபடி ஏசக்கூடாது. பிரியா, கீழப்பாவூர் வண்டி என்னாச்சு?"

"கிளெய்ம் நேத்தே பாஸ் ஆயிட்டு சார். சக்கரம், லைட்டு, பம்பர் எல்லாம் சேத்துத்தான்."

"காதுல விழுந்துதா?" முத்துச்செல்வத்தின் குரல் உயர்ந்தது. "நீங்க அன்னைக்கு வந்து சொன்னீங்க பாருங்க, அந்த ஒரே காரணத்தாலதான் பாஸ் ஆயிருக்கு. சொல்லாம விட்டிருந்தா, இந்தா இவருக்கு ஆன கதிதான் உங்களுக்கும். ஒர்க் ஷாப் மூலையில கெடந்து துருப்பிடிக்க வேண்டிய வண்டி அது. இப்போ புத்தம்புதுசாக்கி, அதே பெரிய சக்கரத்தோட உங்க வாசல்ல கொண்டாந்து நிறுத்தப் போறோம். உங்க மவன் கால் கூடி எந்திரிக்கும்போது, சாவியப் போட்டா ஓடும்."

மசூது வாயைப் பிளந்தார். "குடுத்து வச்சவிய அக்கா நீங்க."

இத்தனை நேரம் கொதித்துக்கொண்டிருந்த பாலம்மாளின் முகம் வெளிறிப்போயிற்று. கை துழாவி, பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது.

முத்துச்செல்வத்துக்கு இன்னும் ஆறவில்லை. "இப்பவாவது சொல்லுங்கம்மா. உங்களுக்கு நாங்க என்ன குறை வச்சோம்?"

"அவன் கையிலருந்து வண்டியப் புடுங்கிருவியன்னுல்லாய்யா நான் வந்து சொன்னேன்."