பின்னால் இருப்பவருக்கான மிதிகள்

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது ஓடலைன்னா வித்துடணும், நார்மன். குழந்தை வண்டியை வைக்க இடம் வேணும்" என்று மனைவி பெரில் சொல்லிவிட்டாள்.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில், வீட்டுக் கொட்டகையில், பழைய பைக்கை அவன் கஃபே ரேசர் எனப்படும் ஒற்றை இருக்கைப் பந்தய பாணி வண்டியாக மாற்றிக்கொண்டிருந்தான். பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் மிதிகளைக் கழற்றி எறிந்தால், மறுநாள் காலை அவை மறுபடி வண்டியில் இருக்கும்.

"உன் வேலைதானே?" என்று பெரிலைக் கேட்டான்.

"ஆமா, இந்த வயித்தோட குனிஞ்சு போல்ட்டு முடுக்குறேனாக்கும்!"

எரிச்சலில் மிதிகளைத் தாங்கும் இரும்பையே அறுத்துத் தள்ளினான். ஞாயிறு காலை அறுத்த தடமே இல்லை. மிதிகள் கால் வைக்கத் தோதாக விரிந்திருந்தன.

வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. வாசலில் நின்ற பெரில் கைதட்டினாள். "சரி, வச்சுக்கோ!"

நார்மன் உட்கார்ந்ததும் பின் ஸ்பிரிங் இறங்கியது. பெரில் வாசலிலேயே நிற்க, சற்றுப் பொறுத்து அது இன்னொரு முறை இறங்கியது.