ஏழு மணி பஸ்

காலை ஐந்து மணியிலிருந்து கோலாலம்பூருக்குள் நுழையும் ஒவ்வொரு காருக்கும் பத்து வெள்ளி கட்டணம். அந்தப் புதிய திட்டத்தை விளக்கத்தான் ஆலோசகர் உதயன் நகருக்கு வெளியே இருக்கும் புஞ்சாக் ஆலாம் ஊர் மண்டபத்துக்கு வந்திருந்தார்.

"கட்டணம் போட்டால்தான் நீங்களெல்லாம் காரை வீட்டில் விடுவீர்கள். நெரிசலும் குறையும்," என்றார்.

திலகம் என்ற பெண் எழுந்தாள். "நான் தினமும் அங்கதான் வேலைக்குப் போறேன் சார். எப்படிலா கட்டுறது?"

ரப்பர் தோட்டத்து வேலையை விட்டு வந்ததும் இவர்களுக்குச் சொகுசு கேட்கிறது என்று உதயன் எரிச்சல்பட்டார்.

"ஏழு மணிக்கு இங்கிருந்தே பஸ் இருக்கிறதே, அம்மா."

"அதுல போனா என் வேலை போயிரும் சார்."

"கார்தான் கௌரவம் என்று நினைப்பு. நீங்கள் அந்த பஸ்ஸில் ஒருநாளாவது ஏறியிருக்கிறீர்களா?"

பின்வரிசையில் பலர் சிரித்தார்கள். தன் பேச்சைத்தான் ரசிக்கிறார்கள் என்று உதயனுக்குப் பெருமையாக இருந்தது.

"அந்த பஸ்ஸை ஓட்டுறதே நான்தான் சார்," என்றாள் திலகம். "டிப்போ கோலாலம்பூர்ல இருக்கு. அஞ்சரைக்கு அங்க போய் எடுத்தாத்தான் ஏழு மணிக்கு இங்க வரும். அந்த நேரத்துல காரை விட்டா வேற எதுல போறது?"

உதயன் காகிதங்களைப் புரட்டினார். "உங்கள் கருத்தைக் குறித்துக்கொள்கிறோம்."

"குறிச்சுக்குங்க சார். கட்டணம் ஆரம்பிக்கிற அன்னிக்கு நீங்க சொன்னபடியே காரை வீட்டுல விட்டுடுறேன். பஸ்ஸுக்கு நிக்கிறவங்ககிட்ட நீங்களே வந்து விளக்கிருங்க."