தெருவுக்குக் கேட்கும்படி

நேப்பிள்ஸ் புறநகரில் தன் சின்னத் திரையரங்கின் வாசலில், நான்கு மணி வெயிலில், நுன்ட்சியா மூன்றாவது முறையாக அதே போஸ்டரை ஒட்டுகிறாள். முந்தைய இரண்டையும் யாரோ கிழித்துவிட்டார்கள். இந்த ஊர் ரவுடிக் கும்பலைப் பற்றிய படம், நாடே கொண்டாடுகிறது. பசை அவள் முழங்கை வரை வழிகிறது. கும்பலின் ஆள் தொனாத்தோ ஸ்கூட்டரில் வந்து நிற்கிறான், இன்ஜினை அணைக்கவில்லை. “இங்க இந்தப் படம் ஓடக்கூடாதுன்னு சொல்லியாச்சேக்கா. உள்ள ஒரு ஈ காக்கா இல்ல பாரு” என்கிறான். “ஊரு உலகமே பாத்தாச்சு தம்பி. நாம பாத்தா மட்டும் கண்ணு அவிஞ்சிடுமா? நீயும் வா, முன்வரிசையில உக்காரு. உங்காளுங்க எப்படிச் சாகுறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்.” அவள் உள்ளே போய் அரங்கின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து, அவை மூடாதபடி நாற்காலிகளால் முட்டுக்கொடுக்கிறாள். “ரொக்கோ, படத்தப் போடு! சத்தத்த முழுசாக் கூட்டு!” என்று மேலேயிருக்கும் ஆபரேட்டரிடம் கத்துகிறாள். திரும்பி வந்து வாசலிலேயே நிற்கிறாள். காலி இருக்கைகளைத் தாண்டி, படத்தின் முதல் துப்பாக்கிச் சத்தம் தெருவில் வந்து விழுகிறது. மூன்று வருடங்களுக்கு முன் இதே தெருமுனையில் அந்தக் கும்பல் அவள் கணவனைச் சுட்டுக் கொன்றபோது, எதுவும் காதில் விழவில்லை என்றுதான் தெரு மொத்தமும் போலீசிடம் சொன்னது. இப்போது எதிர்வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறக்கிறது. பக்கத்தில் இன்னொன்று. தொனாத்தோ அண்ணாந்து முறைக்கிறான். இரண்டும் மூடவில்லை.