இன்னும் சொட்டுது

ஓமானின் ஸூர் கரையில் மற்ற மீன்பிடிப் படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. கல்ஃபானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் காய்ச்சலில் படுக்கையில் கிடந்த நாட்களில் படகு வெயிலில் காய்ந்து, மேல்தளப் பலகைகள் விரிசல் விட்டிருந்தன.

இடுக்குகளில் எண்ணெய்ப் பஞ்சைத் திணித்து அடித்தான். மேலே சுறா எண்ணெய் பூசி, ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான். தளத்துக்கு அடியில் மனைவி ஷம்ஸா படுத்துப் பார்த்தாள்.

“ஒழுகுதா?”

“ஆமா, சொட்டுது.”

மறுபடி பஞ்சு, எண்ணெய், தண்ணீர்.

“இப்ப?”

“என் மூக்கு மேலயே விழுது!”

“கல்ஃபான், காத்து மாறுதுடா! வர்றியா, இல்ல எண்ணெயிலயே ஊறப்போறியா?” பக்கத்துப் படகிலிருந்து சாலிம் கத்தினான்.

கல்ஃபான் இன்னும் கொஞ்சம் பஞ்சைத் திணித்தான். வாளியோடு இன்னொரு தடவை ஏறினான். வாளி பலகையில் ணங்கென்று இடித்தது.

“இப்ப எப்படி?”

“ஐயோ, கொட்டுதுங்க! இன்னிக்கு இதுல போகவே முடியாது.”

குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். அவள்மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“ஷம்ஸா, இந்தத் தடவை நான் தண்ணியே ஊத்தல.”

அவள் கையை நீட்டி அவன் நெற்றியைத் தொட்டாள். அனலாய்க் கொதித்தது.

கல்ஃபான் நிமிர்ந்து சாலிமைப் பார்த்துக் கத்தினான்.

“நீங்க போங்கடா! என் படகு ஒழுகுது!”