மாமா கொட்டின கூடை

மாமா கையும் களவுமா மாட்டிக்கிட்டாரு.

விடிஞ்சும் விடியாத நேரம். மக்காச்சோள வயல்ல, அதுவும் என்னோட பாதியில, கூடையில இருந்து எதையோ அள்ளி அள்ளி வேர்கிட்ட போட்டுட்டு இருக்காரு. என்னைப் பார்த்ததும் கூடையை முதுகுக்குப் பின்னாடி மறைச்சாரு பாருங்க, எனக்கு வந்துச்சே கோபம்.

விஷயம் இதுதான். கெஞ்சிக் கூத்தாடி மாமாவோட நிலத்துல பாதியை வாங்கியிருந்தேன். அவர் பாதிக்கு வழக்கம்போல முழு யூரியா. என் பாதிக்கு அதுல கால்பங்கு கம்மி, கூடவே உயிர் உரம். பவுடர் மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்கிறது உயிருள்ள பாக்டீரியா. காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சுப் பயிருக்குக் கொடுத்துடும்.

விளைச்சல் சமமா வந்தா அடுத்த தடவை மொத்த நிலமும் என் வழி. குறைஞ்சா, விவசாயத்தைப் பத்தி நான் இனிமே வாயே திறக்கக் கூடாது. இதுதான் பந்தயம்.

மாமாவுக்கு இதுல துளி நம்பிக்கை கிடையாது. "என்ன பவுடர் விஞ்ஞானி, உன் பாக்டீரியா எல்லாம் சாப்பிட்டுத் தூங்குதா?"ன்னுதான் தினமும் கேப்பாரு.

அப்போ கூடையில என்ன இருக்கும்? என் பாக்டீரியாவைக் கொல்ல ஏதோ மருந்து. வேற என்ன?

வீடு வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தேன். இவ்ளோ பெரிய மனுஷர் செய்யுற காரியமா இது, தோத்துடுவோம்னு பயமான்னு எல்லாம் கேட்டுட்டேன். மாமா காலைக் கழுவிட்டு வந்து பேப்பரை விரிச்சுட்டாரு.

அத்தைதான் அடுப்பை அணைச்சுட்டு வந்தாங்க.

"கொன்னது யாருடி? அன்னிக்கு யூரியாவையும் பவுடரையும் ஒரே டப்புல கொட்டிக் கலந்து தூவினது யாரு?"

"நான்தான் அத்தை. ஒரே வேலையா முடியட்டும்னு..."

"ரெண்டையும் கலந்தா அது செத்துடும்னு பாக்கெட் பின்னாடியே போட்டிருக்காமே. மனுஷன் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஒரு எழுத்து விடாம படிச்சாரு. அன்னிக்கு நீ சந்தோஷத்துல குதிச்ச குதியைப் பார்த்துட்டு, உன்கிட்ட சொல்ல அவருக்கு வாய் வரல. யூரியா சூடு தணியட்டும்னு பத்து நாள் பொறுத்து, புது பாக்கெட் வாங்கி, தொழு உரத்துல கலந்து எடுத்துட்டுப் போறாரு. கொல்ல வந்தாராம்."

மாமா பேப்பரை இறக்கவே இல்ல. பேப்பருக்குப் பின்னாடி இருந்து குரல் மட்டும் வந்துச்சு.

"தோத்தாலும் அது நியாயமா தோக்கணும்ல."

அறுவடையில ரெண்டு பாதியும் கிட்டத்தட்ட ஒரே எடை. பந்தயத்துல ஜெயிச்சது பவுடர் விஞ்ஞானிதான்னு மாமா ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காரு. எனக்குத்தான் யார் முகத்தையும் பார்க்க முடியல.

ஒருத்தரை வாய்க்கு வந்தபடி திட்டி முடிச்சப்புறம், அவர் நம்ம தப்பைத்தான் சத்தமில்லாம சரி பண்ணிட்டு இருந்தாருன்னு தெரிஞ்சு, நீங்களும் இப்படி முழிச்சிருக்கீங்களா?