உள்ளே ஒருத்தர்தான்

"யாராவது ஒருத்தர்தான் உள்ள வரலாம். அம்மாவா, அப்பாவா?"

பச்சை அங்கியை விரித்துப் பிடித்தபடி நர்ஸ் கேட்டாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், நான்கு வயது வாண்டு அம்மாவின் இடுப்பில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன். காலையில் செய்து சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அவரே போகட்டும்" என்றாள் அம்மா.

அவன் திகைத்துப்போனான். தனித்தனி வீடு என்று ஆனபிறகு அவளிடமிருந்து அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைத்ததில்லை. இன்றைக்கு இவ்வளவு பெரிய மனசா! அவசர அவசரமாக அங்கிக்குள் கைகளை நுழைத்தான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

போட்டுக்கோ மகராசா, நல்லா இறுக்கிக் கட்டிக்கோ என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இந்த நாளுக்காக ஒரு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தவள் அவள்.

போன வருஷம் இதே ஆபரேஷன், வலது பக்கம். அது வேற ஆஸ்பத்திரி. அன்றைக்கு ஐயாவுக்குத் தலைக்கு மேல் வேலை, வர முடியவில்லை. அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனது அவள்தான். மூக்கில் மாஸ்க்கை வைத்ததும் குழந்தை திமிறிய திமிறலில் கட்டிலே ஆடியது. பிடித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். பிடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் இரண்டு கைகளையும் மெத்தையோடு சேர்த்து அமுக்கினாள். கண் செருகும்வரை குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாசம் வாண்டு அவள் பக்கத்தில் படுக்கவில்லை. சோறு ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தலை வாரச் சீப்பை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும்.

சரி, குழந்தைதானே என்று அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஞாயிறுதோறும் வந்து ஊஞ்சல், பலூன், பொம்மை என்று கூட்டிக்கொண்டு சுற்றுகிற மகானுபாவர் போன் போட்டுக் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி!

"அம்மா என்னைப் பிடிச்சு அமுக்கினான்னு அழுறா. குழந்தையை இப்படியா மிரட்டி வைப்ப?"

பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள் அன்றைக்கு.

இந்த முறை இடது பக்கம். தேதி முடிவானதும் முதல் ஆளாக அவனைத்தான் கூப்பிட்டாள். குழந்தை உங்களைத் தேடுகிறாள், கட்டாயம் வாருங்கள் என்று குரலில் தேன் ஒழுகச் சொன்னாள். உள்ளே என்ன நடக்கும் என்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

நீயும் அமுக்கு. அந்தக் கண் உன்னையும் பார்க்கட்டும். அடுத்த ஞாயிறு நீ பலூனோடு வந்து நிற்கும்போது அவள் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளியட்டும். அப்போது நான் போன் போட்டுக் கேட்கிறேன், குழந்தையை என்ன செய்தாய் என்று.

ஒரே ஒரு சிக்கல். வாண்டு இடுப்பை விட்டு இறங்குவேனா என்றது.

"அம்மாதான் வரணும்! அம்மா, நீ வா!"

தானே போய்விடலாமா என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. பொய் சொல்வானேன், தோன்றத்தான் செய்தது. ஆனால் ஒரு வருஷத்து ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த பிஞ்சுக் கைகளை விரல் விரலாகப் பிரித்தாள். குழந்தை அவள் தலைமுடியைப் பற்றிக்கொண்டது. அதையும் பிரித்து, பிள்ளையை அவன் தோளில் போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

கதவு சாத்திய பிறகும் "அம்மா, அம்மா" என்ற அழுகை கேட்டது. மெல்ல மெல்ல அடங்கியது.

வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு திடீரென்று ஒரு அலறல்.

"விடுப்பா! அப்பா, விடு!"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

அவன் வெளியே வந்த கோலம் பார்க்கச் சகிக்கவில்லை. அங்கியைக் கழற்றக்கூடத் தெரியாமல் நின்றான். வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, பால்பற்கள் பதிந்து ரத்தம் கன்றியிருந்தது.

"பிடிச்சு அமுக்கச் சொன்னாங்க" என்றான். "என்னையே பார்த்தா."

"அப்படியா?" என்றாள் அவள். நன்றாக வேணும், நன்றாக வேணும் என்று உள்ளுக்குள் ஒருத்தி கொட்டம் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குழந்தை கண் விழித்ததும் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள்.

அவள் முந்திக்கொண்டு ஓடி நெற்றியைத் தொட்டாள். வாண்டு அவளை உற்றுப் பார்த்தது. உதடு கோணியது. அவள் கையைத் தள்ளிவிட்டுப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது.

அவனோ கிட்டே வரவே பயந்து கால்மாட்டில் நின்றான். போர்வை கொஞ்சம் இறங்கியது. இரண்டு கண்கள் அவன் கையையே பார்த்தன.

"ஐயோ அப்பா! உன்ன யாரு கடிச்சா?"

அவன் திருதிருவென்று விழித்தான். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"எங்க ஆஸ்பத்திரி வழக்கப்படி, உள்ள போனதும் குடிக்க ஒரு மருந்து குடுத்தோம். அது வேலை செய்ய ஆரம்பிச்சப்புறம் நடந்தது எதுவும் குழந்தைக்கு ஞாபகம் இருக்காது. வாசல்ல நடந்தது வரைக்கும்தான் இருக்கும்."

வாண்டு எட்டி அப்பாவின் கையைப் பிடித்து, கன்றிய இடத்தில் உஃப், உஃப் என்று ஊதத் தொடங்கியது.